வங்கியில் வைத்த பணம் யாருடையது?



சில மாதங்களுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். சில ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியபின், பல்கலைக்கழகத்தில் முதுநிலைச் சட்டப் படிப்பில் சேர்ந்து, வங்கிச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்திருப்பதாகக் கூறினாள். நான் மகிழ்ந்து வாழ்த்தினேன். ஆனால் அவள் முகத்தில் அம்மகிழ்ச்சியைக் காணவில்லை. "ஐயா, பிரிவு, உட்பிரிவு, விலக்கு, திருத்தம் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. மற்ற வழக்குகளில் மனிதர்கள் தெரிகிறார்கள். இந்தப் பாடத்தில் எண்களே தெரிகின்றன. மனத்தில் ஒன்றும் ஒட்டவில்லை" என்றாள்.

நான் சட்டம் பயின்றவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் அவள் சொன்னதைக் கேட்டதும் எங்கள் பள்ளியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அவளுக்கும் அது நினைவிருந்தது. ஏனெனில், எங்கள் பள்ளியின் 'சஞ்சாயிகா' சிறுசேமிப்புத் திட்டத்தின் கணக்கேட்டை எழுதிவந்தவள் அவளே.

ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைச் சேமிப்பில் செலுத்தினான். பளபளவென்ற புது நாணயம். நாங்கள் வழக்கம்போல் அன்றைய தொகையை அஞ்சலகத்தில் கட்டிவிட்டோம். சில வாரங்கள் கழித்து அவன் பணத்தைத் திரும்பக் கேட்டான். வேறொரு நாணயத்தைக் கொடுத்தேன். அவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என் காசு இல்லை, ஐயா. என் காசு பாட்டி கொடுத்தது" என்றான். "ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய் வந்துவிட்டதே, போ" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சென்றான்.

"அன்று அவன் கேட்டது சரியா, தவறா? அதைச் சொல், உன் பாடம் அங்கேதான் தொடங்குகிறது" என்றேன். அன்று மாலை அவளும் நானும் பேசியவற்றின் சாரத்தையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

பல்கலைக்கழகத்தில் வங்கிச் சட்டம் பயில்வோர் முதன்மையாக மூன்று செய்திகளைக் கற்கின்றனர். முதலாவது, வங்கிக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு. இரண்டாவது, காசோலை, உண்டியல், கடனுறுதிச் சீட்டு முதலிய ஆவணங்களின் இலக்கணம். மூன்றாவது, வங்கிகளை அரசும் ரிசர்வ் வங்கியும் கட்டுப்படுத்தும் முறை. இம்மூன்றையும் ஒரே வினா இணைக்கிறது: வங்கியில் நாம் வைத்த பணம் யாருடையது?

'என் பணந்தான்' என்று நாம் அனைவரும் எண்ணுகிறோம். சட்டமோ வேறு விடை கூறுகிறது. 1848 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஃபோலி என்பவர் ஹில் என்னும் வங்கியாளர்மேல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வாடிக்கையாளரின் பணத்தை வங்கியாளர் அறங்காவலரைப்போலக் காத்துவைப்பவர். ஆதலின் அவர் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்பது ஃபோலியின் வாதம். சபை அதனை ஏற்கவில்லை. வங்கியாளரிடம் செலுத்திய கணமே அப்பணம் வங்கியாளருடையதாகிவிடுகிறது. அவர் அதனைத் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம். கேட்கும்போது அதே அளவு தொகையைத் திருப்பித் தருவதே அவர் கடமை என்று தீர்ப்பாயிற்று. அதாவது, வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர். வங்கி கடன் வாங்கியவர். பேரேடும் பெட்டகமும் காவலாளும் உடைய அப்பெரிய கட்டடம், நம்மிடம் கடன்பட்டு நிற்கும் ஒரு கடனாளி!

இந்நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் நகையை வைத்தால் அந்த நகை நம்முடையதாகவே இருக்கும். அடகு வைத்த நகையும் அவ்வாறே. கடனைத் தீர்த்ததும் அதே நகை திரும்ப வரவேண்டும். வைப்புத்தொகையாகச் செலுத்திய பணம் அத்தகைய அடைக்கலப் பொருள் அன்று. அது கடன். ஆதலின் சட்டப்படி அச்சிறுவனுக்கு ஐந்து ரூபாய் பெறும் உரிமை உண்டு. அந்த நாணயத்தைப் பெறும் உரிமை இல்லை.

இவ்வுறவு ஒருவகையில் வினோதமானது. உலக வழக்கில் கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைத் தேடிச் சென்று திருப்பித் தரவேண்டும். வங்கிக்கு அக்கடமை இல்லை. வாடிக்கையாளர் கேட்ட பின்னரே வங்கி தரவேண்டும் என்று 1921 ஆம் ஆண்டில் யோகிம்சன் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. 1924 ஆம் ஆண்டில் டூர்னியர் வழக்கில், வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களை வங்கி மறைபொருளாகக் காக்கவேண்டும் என்றும், சட்டத்தின் கட்டளை, பொதுநலன், வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் இசைவு ஆகிய நான்கு நிலைகளிலேயே அதனை வெளியிடலாம் என்றும் அந்நீதிமன்றம் வகுத்தது. நம் நாட்டு மாணவரும் இத்தீர்ப்புகளை இன்றும் பயில்கின்றனர்.

அடுத்து, ஆவணங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆங்கிலேயர் வகுத்த அச்சட்டம் தன் முதற் பிரிவிலேயே நம் நாட்டு வழக்கத்துக்கு இடம் கொடுத்தது. கீழ்த்திசை மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தை இச்சட்டம் பாதிக்காது என்று அங்கே கூறப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் வருவதற்கு முன்பே நம் வணிகர் உண்டியல் எழுதி ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பியவர்கள். ஒருவரது கையெழுத்தும் நாணயமும் மதிப்புப் பெற்றிருந்த உலகம் அது. 'நாணயம்' என்ற சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது நம் மொழியின் சிறப்பு. வங்கித் தொழிலின் உட்பொருள் முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

நேர்மையை மட்டும் நம்பி ஒரு தொழிலை விட்டுவிடலாமா? இதற்கு விடை தேடச் சென்னை மாநகரில் 1906 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் நிகழ்ந்ததைக் காணவேண்டும். அர்பத்நாட் கம்பெனி அன்று கதவடைத்தது. அது சென்னையின் பெரும் ஆங்கில வணிக நிறுவனங்களுள் ஒன்று. வணிகத்தோடு பொதுமக்களின் பணத்தையும் வைப்பாக ஏற்றுவந்தது. ஓய்வூதியர், அரசு ஊழியர், நிலக்கிழார், வணிகர் எனப் பலரும் அதில் பணம் வைத்திருந்தனர். நிறுவனமோ சிலர் கூடிய கூட்டாண்மை. அதன் கணக்கை வெளியார் தணிக்கை செய்யவேண்டும் என்றோ, வைப்புத்தொகையில் ஒரு பகுதியை ரொக்கமாக வைத்திருக்கவேண்டும் என்றோ கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதும் இல்லை. மக்களிடம் வாங்கிய பணம் ஊக வாணிபத்தில் கரைந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. தலைவர் சிறை சென்றார். வைத்தவர் பணம் முழுமையாகத் திரும்பவில்லை.

1848 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பொருள் அப்போது சென்னை மக்களுக்கு விளங்கியிருக்கும். 'என் பணம்' என்று அவர்கள் எண்ணியிருந்தது, நொடித்துப்போன ஒருவர் தரவேண்டிய கடனாக மாறி நின்றது. கடனாளி நொடித்தால் கடன் கொடுத்தோர் அனைவரும் வரிசையில் நின்று, எஞ்சியதைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். அது சட்டத்தின் கொடுமை அன்று; கடன் என்பதன் இயல்பே அது.

அத்துன்பத்திலிருந்து இரண்டு நன்மைகள் விளைந்தன. கடன் கொடுத்தோர் சார்பில் உழைத்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முனைந்து நின்றார். அவரும் நண்பர்களும் செய்த முயற்சியால் 1907 ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் அது பணியைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில், 1909 இல், சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்குப் புதிய நொடிப்புநிலைச் சட்டம் வந்தது. சட்டம் பயிலும் மாணவர்கள் கிருஷ்ணசாமி ஐயரின் செயலை எண்ணிப் பார்க்கவேண்டும். இடிந்த வீட்டின் முன் நின்று வாதாடியவர், புதிய வீட்டுக்கும் அடித்தளம் இட்டார்.

ஆனால் வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் உடனே வந்துவிடவில்லை. 1913 ஆம் ஆண்டில் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கி வீழ்ந்தது. தொடர்ந்து சில ஆண்டுகள் நாடெங்கும் வங்கிகள் பல சரிந்தன. ஓரளவு மூலதனமும் கவர்ச்சியான பெயரும் இருந்தால் எவரும் வங்கி தொடங்கலாம் என்ற நிலையே நீடித்தது. 1935 ஏப்ரல் முதல் நாளில் இந்திய ரிசர்வ் வங்கி பணி தொடங்கியது. 1936 ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, வங்கிகளுக்கென ஒரு பகுதி சேர்த்தனர். புதிய வங்கிக்குக் குறைந்தது 50,000 ரூபாய் மூலதனம் வேண்டும் என்று விதித்தனர்.

அவ்வேலி போதாது என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலான் வங்கியும் 1937 இல் இணைந்து தென்னாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக விளங்கின. 1938 ஜூன் மாதத்தில் அவ்வங்கி மூடப்பட்டது. திருவிதாங்கூர் அரசின் அரசியல் பகையே காரணம் என்பார் ஒரு சாரார். வங்கியின் நிலையே தளர்ந்திருந்தது என்பார் மற்றொரு சாரார். வரலாற்று மாணவர் இரு வாதங்களையும் படித்தறிய வேண்டும். ஆனால் சட்ட மாணவர் கவனிக்கவேண்டியது வேறொன்று. எல்லா வங்கிகளின் கணக்கையும் தானே புகுந்து ஆராயும் பொது அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு அப்போது இல்லை. நோயாளியின் நாடியைத் தொடவும் உரிமையில்லாத மருத்துவனைப்போல் அது இருந்தது.

1939 ஆம் ஆண்டில் தனி வங்கிச் சட்டம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுதியது. உலகப் போர் குறுக்கிட்டது. 1946 இல் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே வங்கிகளை ஆய்வு செய்யும் அதிகாரம் கிடைத்தது. விடுதலைக்குப்பின், 1949 மார்ச் 16 ஆம் நாள் வங்கிக் கம்பெனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1966 ஆம் ஆண்டில் கூட்டுறவு வங்கிகளுக்கும் விரிந்து, வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது இதுவே.

'எண்களே தெரிகின்றன' என்று என் மாணவி குறைகூறினாள் அல்லவா? அச்சட்டத்தின் எண்களுள் சிலவற்றை நாம் கடந்துவந்த வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். 5 ஆம் பிரிவு, கடன் கொடுக்கவோ முதலீடு செய்யவோ பொதுமக்களிடம் வைப்புத்தொகை ஏற்பதே வங்கித் தொழில் என்று வரையறுக்கிறது. 8 ஆம் பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்கும் வணிகத்தில் ஈடுபடலாகாது என்கிறது. இதைப் படிக்கும்போது அர்பத்நாட்டை நினையுங்கள். 20 ஆம் பிரிவு, இயக்குநர்கள் தம் வங்கியிலேயே கடன் பெறுவதற்குத் தடை வகுக்கிறது. 1968 ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை மேலும் இறுக்கியது. 22 ஆம் பிரிவு, ரிசர்வ் வங்கியின் உரிமம் இன்றி வங்கி நடத்தலாகாது என்கிறது. 35 ஆம் பிரிவு, கணக்குகளை ஆராயும் அதிகாரம் தருகிறது. இங்கே 1938 ஐ நினையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் மூடிய கதவின்முன் நின்ற ஒரு கூட்டம் இருக்கிறது.

அதிகாரம் வந்தபின் துன்பம் தீர்ந்ததா? 1960 ஆகஸ்டு 8 ஆம் நாள், கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கியைக் கலைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கியே உயர்நீதிமன்றத்தை அணுகியது. காப்பவரே கதவை மூடும் நிலை வந்தது. வைப்பாளர் நலனுக்காகவே மூடுகிறோம் என்றது ரிசர்வ் வங்கி. ரிசர்வ் வங்கி கேட்டால் நீதிமன்றம் கலைப்பு ஆணை பிறப்பித்தே ஆகவேண்டும் என்ற 38 ஆம் பிரிவு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. செல்லும் என்று 1962 இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வல்லுநர் அமைப்பின் முடிவுக்கு நீதிமன்றம் எவ்வளவு இடம் தரவேண்டும் என்பது இன்றும் மாணவர் வாதிடத்தக்க பொருள்.

பாலை வங்கியின் வீழ்ச்சி அரசை விரைந்து செயற்படச் செய்தது. 1960 செப்டம்பரிலேயே 45 ஆம் பிரிவு வலுப்பெற்றது; தளர்ந்த வங்கிக்குச் சிறிது காலம் தவணை அளித்து, அதனை வலிய வங்கியோடு இணைக்கும் வழி பிறந்தது. 1961 ஆம் ஆண்டில் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. வங்கி வீழ்ந்தாலும் ஒவ்வொரு வைப்பாளருக்கும் 1,500 ரூபாய்வரை உறுதி. அவ்வரம்பு படிப்படியாக உயர்ந்து, 1993 இல் ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாகவும் ஆயிற்று. இதற்கான கட்டணத்தை வங்கியே செலுத்தவேண்டும், வைப்பாளரிடம் வாங்கலாகாது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறி, இச்சட்டங்களின் பயனையும் குறையையும் காட்டுகிறேன். 1926 ஆம் ஆண்டில் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் தளர்ந்தது. 45 ஆம் பிரிவின்படி, 25,000 ரூபாய்க்குமேல் எடுக்கலாகாது என்று தடை வந்தது. பத்து நாளில் அது டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. பங்குதாரர் முதலீட்டை இழந்தனர். வைப்பாளரின் பணமோ முழுமையாகத் தப்பியது. 1906 இல் இல்லாதிருந்த ஏணி 2020 இல் இருந்தது.

மற்றொன்று, பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி. 2019 செப்டம்பரில் அதன் வைப்பாளர் ஒருவர் ஆயிரம் ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்று முதலில் ஆணையிடப்பட்டது. பின்னர் அவ்வரம்பு உயர்ந்தது. ஆயினும் வைப்பாளர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. வங்கி முறையாகக் கலைக்கப்படாதவரை காப்பீட்டுத் தொகையும் கைக்கு வராது என்பதே அந்நாளைய சட்டம். கூட்டுறவு வங்கிகள்மேல் ரிசர்வ் வங்கியின் அதிகாரம் 2020 இல் விரிவுபெற்றது. தடை வந்த 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகையை இடைக்காலமாக வழங்க 2021 இல் திருத்தம் செய்யப்பட்டது. இங்கும் கண்ணீர் முந்தியது, சட்டம் பிந்தியது.

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்ற பாடம் இதுவே. வங்கியில் வைத்த பணம் நம்முடையது அன்று; அது நமக்கு வரவேண்டிய கடன். அந்தக் கடன் தவறாமல் திரும்பி வரவேண்டும் என்பதற்காக, நூறு ஆண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டிய மதிலே வங்கிச் சட்டம். மதிலின் எந்தக் கல்லை எடுத்தாலும், அதை அங்கே வைக்கக் காரணமான துன்பத்தை அறிந்த பின்னரே எடுக்கவேண்டும். நாளை நீங்கள் வங்கி அலுவலராகவோ, நீதிபதியாகவோ, சட்டமன்ற உறுப்பினராகவோ ஆகும்போது இதை மறவாதீர்கள். அடுத்த கல் எங்கே வேண்டும் என்பதைக் கண்ணீர் வரும்முன் காண்பவரே சட்டத்தை உண்மையில் கற்றவர்.

என் மாணவி விடைபெறும்போது, "ஐயா, அந்தப் பையன் கேட்டது சட்டப்படி தவறுதான். ஆனால் பணத்தை வாங்கும்போதே, 'இதே காசு திரும்ப வராது, தம்பி. இதற்குச் சமமான காசு வரும்' என்று நாம் சொல்லியிருக்கவேண்டும். கணக்கு எழுதிய நானும் சொல்லவில்லை" என்றாள்.

"தலைமையாசிரியனாகிய நானும் சொல்லவில்லை, அம்மா" என்றேன்.

ஒரு குழந்தையின் கேள்விக்கு அதட்டலை விடையாகக் கொடுத்த குற்றம் என்னுடையது. பணம் வைக்க வருபவர் எவராயினும், அவர் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்வது, வாங்கி வைப்பவரின் முதற்கடமை. சட்டநூல்களைப் பயிலும் மாணவர்களே, அக்கடமையை நீங்களேனும் நிறைவேற்றுங்கள். அச்சிறுவன் இப்போது எங்கிருக்கிறானோ அறியேன். இவ்வுரை அவன் செவியில் விழுமாயின், அன்று சொல்லத் தவறிய விடையை இன்று பெற்றுக்கொள்வானாக.